ஜாவா 8-லிருந்து 21-க்கு: எரர் காட்டாமல் மாறிப்போகும் விஷயங்கள்

பல வருடங்களாக ஜாவா 8-ல் ஓடிய ஒரு ஸ்விங் (ஜாவாவின் விண்டோ, பட்டன் வரையும் லைப்ரரி) டெஸ்க்டாப் அப்ளிகேஷனை 21-க்கு மாற்றும் வேலை எனக்கு வந்தது. அதில் பார்த்ததை எழுதுகிறேன், இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும்.

முதலில் டபுள் கிளிக் செய்தால் எதுவுமே வராது. விண்டோஸில் அப்படித் திறக்கும்போது கன்சோல் இல்லாததால் எரர் கண்ணில் படாது. கமாண்ட் பிராம்ப்டில் இருந்து ஓட்டினால்தான் காரணம் தெரியும். எனக்கு வந்த முதல் எரர், எக்ஸ்எம்எல் படிக்கும் ஜாக்ஸ்பி கிளாஸ்களைக் காணோம் என்பது. ஜாவா 11-ல் அவற்றை நீக்கிவிட்டார்கள். தனி லைப்ரரியாகச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. அடுத்து, பழைய லைப்ரரி ஒன்று ஜாவாவின் உள் கிளாஸ்களை ரிஃப்ளெக்‌ஷன் (ஓடும்போதே கிளாஸ்களின் உள்ளே எட்டிப் பார்க்கும் வசதி) வழியாகத் தொட்டுக்கொண்டிருந்தது. 17 முதல் அந்தக் கதவு மூடியே இருக்கும். 'ஆட் ஓப்பன்ஸ்' ஆப்ஷன் கொடுத்துத் திறக்கலாம், ஆனால் லைப்ரரியின் புதிய பதிப்புக்குப் போவதுதான் நல்லது. இதையெல்லாம் முன்கூட்டியே பார்க்க ஜேடெப்ஸ் (எந்த கிளாஸ் எதைச் சார்ந்திருக்கிறது என்று காட்டும், ஜாவாவோடு வரும் கருவி) உதவும், ரிஃப்ளெக்‌ஷன் மட்டும் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இவை எரர் சொல்லும் பிரச்சினைகள், தேடினால் விடை கிடைத்துவிடும். எனக்குப் பயமே எரர் வராதவற்றில்தான்.

ஜாவா 18 முதல் டீஃபால்ட் என்கோடிங் (எழுத்துகளைக் கோப்பில் பைட்டுகளாக எழுதும் முறை) யூடிஎஃப்-8. அதற்கு முன் விண்டோஸ் எந்தக் கோட் பேஜில் (விண்டோஸின் பழைய எழுத்து அட்டவணை) இருந்ததோ அதுதான். எங்கள் பழைய அளவீட்டுக் கோப்புகளில் டிகிரி குறி ஒரே பைட்டாக இருந்தது. புதிய ஜாவாவில் ஃபைல்ரீடர் (கோப்பைப் படிக்கும் ஜாவா கிளாஸ்) அதைப் படித்தபோது கேள்விக்குறி போட்ட வைரக்கட்டம் வந்தது. எந்த எக்செப்‌ஷனும் இல்லை. அந்த நிலையில் யாராவது 'சேவ்' அழுத்தினால் போச்சு, பழைய எழுத்து கோப்பிலிருந்தே அழிந்துவிடும், திரும்ப வராது. 'ஃபைல் என்கோடிங்' ஆப்ஷனுக்குக் 'காம்பேட்' என்று கொடுத்தால் பழைய நடத்தை திரும்பும். ஆனாலும் கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் என்கோடிங்கை வெளிப்படையாக எழுதுவதே நிலையான தீர்வு.

தேதியில் இன்னும் நுணுக்கமான சிக்கல். ஜாவா 20-லிருந்து அமெரிக்க ஆங்கில வடிவத்தில் நேரத்துக்கும் ஏஎம், பிஎம் எழுத்துகளுக்கும் நடுவில் வருவது சாதாரண இடைவெளி இல்லை, வரி உடையாத குறுகிய இடைவெளி. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பழைய ஜாவா எழுதிய நேரத்தை 21-ல் பார்ஸ் செய்தால் (எழுத்திலிருந்து நேரமாக மாற்றினால்) தோற்கிறது. இரண்டு சரங்களையும் எழுத்து எழுத்தாக எண்மதிப்பில் அச்சிட்டுப் பார்த்த பிறகுதான் வித்தியாசம் பிடிபட்டது. சேமிக்கும் தேதிக்கு லொகேல் (நாடு, மொழி அமைப்பு) சார்ந்த வடிவம் வேண்டவே வேண்டாம், வருடம்-மாதம்-நாள் என்று வரும் ஐஎஸ்ஓ வடிவத்தில் வையுங்கள்.

திரை அளவு விஷயமும் உண்டு. ஜாவா 9 முதல் விண்டோஸின் ஸ்கேலிங்கை ஸ்விங் மதிப்பதால் 150 சதவீதத்தில் பழைய ஐகான்கள் மங்கலாகும். பெரிய அளவு ஐகான்களும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

இன்னும் 8-லேயே இருப்பவர்கள் ஒன்று செய்யலாம். மாறுவதற்கு முன்பே, ஃபைல் என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று கொடுத்து ஜாவா 8-லேயே ஓட்டிப் பாருங்கள். உண்மையான பழைய கோப்புகளின் நகல்களைத் திறந்து, சேவ் செய்து, மூலத்தோடு பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். என்கோடிங் தகராறுகள் பெரும்பாலும் அப்போதே வெளியே வந்துவிடும்.