மேலத்தெரு வீட்டார் குழு: கவினின் உடல்நிலை

வள்ளி: கவினுக்கு நேற்று இரவோடு வாந்தி நின்றுவிட்டது. வயிற்றுப்போக்கு மட்டும் காலையிலிருந்து நான்கு முறை ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து நடக்குமா என்று ஒவ்வொருவரும் தனித்தனியே கேட்பதால் இங்கே எழுதுகிறேன்.

குமார்: அக்கா, பிள்ளை முதலில் தேறட்டும். பந்தல்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

சங்கரி அத்தை: தண்ணீரும் பாலும் அதிகம் கொடுக்காதே, வள்ளி. வயிற்றைக் காயப்போட்டால்தான் போக்கு நிற்கும்.

செல்வி சித்தி: மதினி, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். நான் முப்பது ஆண்டு கிராம செவிலியராக வேலை பார்த்தவள் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். போக்கைவிட உடம்பில் நீர் வற்றுவதுதான் பிள்ளைக்கு ஆபத்து. அதனால் உப்புச் சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) கொடுக்க வேண்டும். ஒரு லிட்டருக்கான பொட்டலமாக இருந்தால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதையும் ஒரே தடவையாகக் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்பதால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துவிட்டு மறுபடி தொடங்கு. தாய்ப்பாலை நிறுத்தாதே.

குமார்: சித்தி, மருந்துக் கடையில் ஆரஞ்சுச் சுவையில் அட்டைப்பெட்டிப் பானம் நான்கு வாங்கி வந்திருக்கிறேன். அதைக் கொடுக்கலாமா?

செல்வி சித்தி: வேண்டாம், குமார். சர்க்கரை கூடுதலாக இருந்தால் அது குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம்தான். அந்த அளவு அச்சிட்ட பொட்டலமாகப் பார்த்து வாங்கு; ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கொடுப்பார்கள்.

வள்ளி: துத்தநாக மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போக்கு நின்றதும் நிறுத்திவிடலாமா, சித்தி?

செல்வி சித்தி: நிறுத்தாதே. நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாளும் கொடுத்து முடிக்க வேண்டும். நான் பார்த்த வீடுகளில் பாதிப் பேர் நான்காம் நாளே மறந்துவிடுவார்கள்.

சங்கரி அத்தை: கோயில் தேதியை மாற்றுவதானால் எனக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். மொட்டை போட்டபோது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது.

முருகன் சித்தப்பா: அக்கா, அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். "சங்கரி, உனக்கு மூத்தவளுக்கு 1969ஆம் வருடம் ஐப்பசி மழையில் இதே நோவு வந்தது. தண்ணீர், தண்ணீர் என்று கேட்டு அழுதாள். கொடுத்தால் போக்கு கூடும் என்று என் மாமியார் தடுத்தார்கள், நானும் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அழக்கூட அவளுக்குக் கண்ணீர் இல்லை. வள்ளி, செல்வி சொல்வதைக் கேள்."

சங்கரி அத்தை: அம்மா, இதை நீங்கள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லையே.

செல்வி சித்தி: ஆச்சிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்: அத்தை, அன்று நம் ஊரில் இது யாருக்கும் தெரியாது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில், மேற்கு வங்கத்தின் பான்காவ் என்ற ஊரில், நரம்பில் ஏற்றும் திரவம் போதாமல் போனபோது மருத்துவர் திலீப் மகலனபிஸ் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துப் பிழைக்க வைத்த பிறகுதான் உலகம் இதை நம்பத் தொடங்கியது. உங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

வள்ளி: ஆச்சி, இப்போதுதான் அரை டம்ளர் கரைசல் குடித்தான். அழும்போது கண்ணீரும் வருகிறது.

செல்வி சித்தி: நல்லது. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, கண் குழிந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் மயங்கிக் கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு எடுத்துப் போ. போக்கை நிறுத்தும் மாத்திரையை யார் சொன்னாலும் கொடுக்காதே.

சங்கரி அத்தை: புழுங்கலரிசிக் கஞ்சியில் பாசிப்பருப்பு சேர்த்துக் கொடுக்கலாமா, செல்வி? நான் நாளைக் காலை வந்து வைத்துத் தருகிறேன்.

செல்வி சித்தி: தாராளமாகக் கொடுக்கலாம், மதினி. இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம் எல்லாமே ஆகும். இளைத்த உடம்பு தேற, போக்கு நின்ற பிறகும் இரண்டு வாரத்துக்குத் தினமும் ஒரு வேளை கூடுதலாக ஊட்ட வேண்டும். வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.

குமார்: பந்தல்காரர் நாளை மாலைக்குள் முடிவு கேட்கிறார்.

வள்ளி: இன்று இரவு எப்படித் தூங்குகிறான் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன், தம்பி. அத்தை, வரும்போது ஆச்சியையும் அழைத்து வாருங்கள்.