இரண்டு மோட்டாரையும் ஒரே திரையில் காட்ட வழி உண்டா?
வணக்கம் அண்ணன்மாரே, பர்மாவின் மோல்மீனிலிருந்து எழுதுகிறேன். சால்வின் ஆற்றில் ஓடும் எங்கள் படகில் டீசல் எஞ்சினை இறக்கிவிட்டு 48 வோல்ட் மோட்டார் இரண்டு வைத்திருக்கிறோம். ஒரு மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியை மட்டும் மாட்டினால் வேகம், ஆம்பியர், சூடு எல்லாம் திரையில் ஒழுங்காக வருகிறது. இரண்டையும் மாட்டினால் அடிக்கடி விட்டுவிட்டுப் போகிறது.

கரண்டை அணைத்துவிட்டு கன்ட்ரோலர்களிலிருந்து திரைக்குத் தகவல் கொண்டுபோகும் கேன் ஹெச், கேன் எல் ஒயர்களுக்கு நடுவே மீட்டர் வைத்தேன். 40 ஓம்! இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருந்தால் 60 அல்லவா காட்ட வேண்டும்? திறந்து பார்த்தால் கடைசி கன்ட்ரோலருக்குள்ளேயே 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதே முனையில் நான் வெளியே மாட்டியிருந்ததைக் கழற்றியதும் 60 வந்துவிட்டது, சரி.

ஆனால் ஆர்பிஎம் இன்னும் 300, 900 என்று தாவுகிறது. கன்ட்ரோலர் இரண்டுக்கும் நோட் எண் (ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் எண்) 1 என்றே இருப்பதுதான் குழப்பம் என்று நினைக்கிறேன். ஒன்றை 2 ஆக மாற்ற புரோகிராமிங் கேபிள் யாங்கூனில் யாரிடமாவது இருக்குமா? பஸ் செலவு என்னுடையது. திரையை நம்பாமல் மாமா படகை அவிழ்க்கவே விடமாட்டேன் என்கிறார்.