நாலு பேர் பயணம், ஒருத்தர் பேர்ல இழப்பீடு ₹10,000: எப்படிப் பிரிக்கிறது?

அரசலாறு (கும்பகோணம்):

சென்னையிலேர்ந்து டெல்லிக்கு நாலு பேருக்கும் ஒரே பிஎன்ஆர்ல டிக்கெட். புக் பண்ணினது செந்தில், அவர் கார்டுல. அவங்கவங்க டிக்கெட் பணத்தை அப்பவே அவருக்கு அனுப்பியாச்சு.

சாயங்காலம் 4 மணி விமானம். கவுண்டர்ல ரெண்டு சீட்டு குறையுதுன்னு சொன்னாங்க. யாராவது விட்டுத் தர்றீங்களான்னு கேட்டாங்க, யாரும் முன்வரலை. முருகுவை ஏத்த முடியாதுன்னுட்டாங்க. அவரைத் தனியா விட மனசில்லாம ஜாஃபர் தானா தன் சீட்டை விட்டுக்கொடுத்தார். ரெண்டு பேரும் மறுநாள் காலை 10 மணி விமானத்துல வந்தாங்க. முருகுவுக்கு இழப்பீடு ₹10,000, ஜாஃபருக்கு அவர் பேர்ல ₹4,000 வவுச்சர். அந்தப் பத்தாயிரம் செந்தில் கணக்குக்கு வந்திருக்கு.

செலவுக் கணக்கு:
டெல்லியில முதல் ராத்திரி ரெண்டு ரூம், ஒண்ணு ₹2,400. ஒரு ரூம் காலியாவே கிடந்துச்சு, பணம் திரும்பாது. கட்டினது நான்.
மறுநாள் விடியக்காலை ஆக்ரா டாக்சி ₹7,200. நாலு பேருக்குப் பேசினது, போனது செந்திலும் நானும். இதுவும் நான்தான் கட்டினேன்.
சென்னையில அன்னிக்கு ராத்திரி ரூம் ₹1,800, சாப்பாடு ₹600. கட்டினது முருகு.

செந்தில் ஆளுக்கு ₹2,500ன்னு நாலாப் பிரிக்கலாம்ங்கறார். முருகு முழுசும் தன்னோடதுங்கறார். ஜாஃபர் பாதி கேக்கறார். கணக்கு நோட்டு என்கிட்ட இருக்கு. மனஸ்தாபம் இல்லாம முடிக்கணும், வழி சொல்லுங்க.

வெண்ணாறு (தஞ்சாவூர்):

தம்பி, முதல்ல அந்தப் பணம் என்ன பணம்னு பாருங்க. டிக்கெட் பணம் திரும்பி வந்தா அது ரீஃபண்ட், டிக்கெட்டுக்குக் காசு போட்டவருக்குச் சேரும். சீட்டு இருந்தும் ஏத்தாததுக்கு வர்றது இழப்பீடு, அது இறக்கிவிடப்பட்ட பயணிக்குச் சேரும். ரெண்டும் ஒரே வங்கிக் கணக்குல வந்து விழறதால ஒரே பணம்னு தோணுது.

விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துற டிஜிசிஏவோட விதியில (பிரிவு 3, தொடர் எம், பகுதி 4) இது பயணி வாரியாத்தான் இருக்கு. மாற்று விமானம் 1 மணி நேரத்துக்குள்ள கிளம்பினா இழப்பீடு கிடையாது. 24 மணி நேரத்துக்குள்ளன்னா ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்த்து அதுல 200 சதவீதம், உச்சவரம்பு ₹10,000. அதுக்கும் மேல போனா 400 சதவீதம், உச்சவரம்பு ₹20,000. உங்க ஆளுக்கு 18 மணி நேரம் தள்ளிப் போனதால ₹10,000 வரம்பு. மொத்த டிக்கெட் விலையை ரெண்டால பெருக்கிட்டு ‘குறைச்சுக் கொடுத்துட்டான்’னு சண்டைக்குப் போறவங்க உண்டு. வரி, விமான நிலையக் கட்டணம் எதுவும் இந்தக் கணக்குல வராது.

தானா விட்டுக்கொடுத்தவருக்கு இந்தத் தொகை கிடையாது. நிறுவனம் என்ன சலுகை தருதோ அதுதான், அதனாலதான் ஜாஃபருக்கு வவுச்சர். அவர் பெயரையும் ஏத்த மறுத்த பட்டியல்ல சேர்த்திருந்தா அவருக்கும் தனி இழப்பீடு வந்திருக்கும். இனிமே யாராவது துணைக்கு நிக்கறதா இருந்தா, கவுண்டர்ல ‘சரி’ன்னு தலையாட்டறதுக்கு முன்னாடி என்ன தருவாங்கன்னு எழுத்துல வாங்கிக்கணும்.

குடமுருட்டி (பாபநாசம்):

வெண்ணாறு அண்ணன் சொன்ன விதி சரி. ஆனா விதிப்படி முருகுவோடதுன்னு நிறுத்தினா ஜாஃபருக்கு அநியாயம். யாருக்கு எவ்வளவு நஷ்டம்னு எழுதிப் பாருங்க.

முருகு: காலியாக் கிடந்த ரூம்ல தன் பங்கு ₹1,200, ஏறாத டாக்சியில பங்கு ₹1,800, சென்னை ரூம்ல பாதி ₹900, சாப்பாட்டுல பாதி ₹300. மொத்தம் ₹4,200.
ஜாஃபர்: அதே ₹4,200.
செந்தில்: 0. நீங்க: 0.

நீங்க ரெண்டு பேரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தீங்க, ரூம்ல படுத்தீங்க, ஆக்ராவும் பாத்தீங்க. ஒரு ரூபாய் நஷ்டம் இல்லாதவங்களுக்கு ₹2,500 எதுக்கு? நாலாப் பிரிக்கிறது பார்க்கச் சமமா இருக்கு, ஆனா நஷ்டப்பட்டவங்க காசை எடுத்து நஷ்டப்படாதவங்களுக்குக் கொடுக்கறதாத்தான் ஆகும்.

டாக்சியில ஒரு சிக்கல் வரும். ‘நான் ஏறவே இல்லையே, ஏன் தரணும்’னு முருகு கேப்பார். வண்டிக்கு ரெண்டு பேர் போனாலும் நாலு பேர் போனாலும் அதே வாடகை. அவர் வராததுக்கு நீங்க காரணம் இல்லை, அதனால உங்க தலையில கூடுதலா ஏத்தக் கூடாது. அவர் பங்கைக் கொடுத்துட்டு, அதை இழப்பீட்டுலேர்ந்து ஈடுகட்டிக்கணும்.

இப்ப வவுச்சர். அதை ₹4,000 ரொக்கமா எண்ணாதீங்க. பேர் மாத்த முடியாததா, காலாவதி தேதி என்ன, டிக்கெட்ல எந்தப் பகுதிக்குச் செல்லும்னு முதல்ல பாருங்க. காலாவதிக்குள்ள நிச்சயமா பறக்கப் போறார்னா முகமதிப்புல பாதி போடலாம். பறக்கிற யோசனையே இல்லைன்னா சுழியம். பாதி போட்டா ₹2,000. ஜாஃபருக்கு ஈடாகாம நிக்கறது 4,200 − 2,000 = ₹2,200.

அதனால என் கணக்கு: பத்தாயிரத்துல ஜாஃபருக்கு ₹2,200, முருகுவுக்கு ₹7,800. நஷ்டம் ₹4,200 போக முருகு கையில ₹3,600 நிக்கும். ஏத்தாம விட்டது அவரைத்தானே, அது நியாயமான மிச்சம்.

அரசலாறு:

ரொம்ப நன்றிண்ணே. ஜாஃபர் மூணு மாசத்துல திரும்ப டெல்லி போறார், வவுச்சர் ஒரு வருஷம் செல்லும், அதனால பாதி மதிப்புக்கு ஒத்துக்கிட்டார். செந்தில்தான் ‘என் கார்டு, என் பிஎன்ஆர், அலைஞ்சு மெயில் போட்டதும் நான்’ங்கறார்.

இன்னொண்ணு. திரும்பி வர்றப்ப சென்னை – தஞ்சாவூர் ரயில், 3ஏசி, விழுப்புரம் தாண்டினதும் ஏசி நின்னுபோச்சு. டிக்கெட் பரிசோதகர் (டிடிஇ) கிட்ட சான்று வாங்கி, பணம் திரும்பக் கேக்கற டிடிஆர் மனு போட்டாச்சு. அந்தப் பணம் வந்தா எப்படி? முருகு மயிலாடுதுறையிலயே இறங்கிட்டார்.

வெண்ணாறு:

செந்தில் தம்பிக்கு நம்ம ஊர்ப் பக்கத்து வழக்கத்தையே சொல்லுங்க. வெள்ளத்துல பயிர் மூழ்கி நிவாரணம் வந்தா, பட்டா யார் பேர்ல இருக்குன்னு பார்த்துக் கொடுக்கிறது முறையில்லை. அடங்கல்ல (கிராமப் பயிர்க் கணக்குல) யார் சாகுபடின்னு இருக்கோ, யார் நாத்து நட்டு முதல் போட்டாரோ அவருக்குத்தான் போகணும். கார்டு பட்டா மாதிரி. நஷ்டம் முருகுவோட சாகுபடி.

மெயில் போட்ட உழைப்பு நிஜம்தான். அதுக்கு முருகு தன் மிச்சத்துலேர்ந்து மனசாரக் கொடுத்தா வாங்கிக்கட்டும், உரிமையாக் கேக்க வேண்டாம். அடுத்த தடவை இந்தக் குழப்பமே வராம இருக்க, இழப்பீட்டுப் படிவத்துல சம்பந்தப்பட்ட பயணியோட வங்கிக் கணக்கையே கொடுங்க. ரொக்கமாவோ வங்கிக் கணக்குலயோ தரணும். வவுச்சராத் தரணும்னா பயணி கையெழுத்துப் போட்டு ஒத்துக்கணும். தராம இழுத்தடிச்சா ஏர்சேவாங்கற அரசுப் புகார் தளத்துல பயணி பேர்லயே புகார் போடலாம். ஏத்த மறுத்ததுக்கான கடிதமோ குறுஞ்செய்தியோ, பழைய டிக்கெட், புது போர்டிங் பாஸ் மூணையும் படம் எடுத்து வெச்சிருக்கணும்.

வீரசோழன் (மயிலாடுதுறை):

ரயில் கதை வேற. ஏசி வேலை செய்யாததுக்கு வர்றது கட்டண வித்தியாசம்: 3ஏசிக்கும் ஸ்லீப்பருக்கும் உள்ள வித்தியாசம், ஏசி ஓடாத தூரத்துக்கு மட்டும். இது ரீஃபண்ட், இழப்பீடு இல்லை. புக் பண்ணின கணக்குக்கே திரும்பும். டிக்கெட்டுக்குக் காசு போட்ட நாலு பேருக்கும் பங்கு உண்டு.

டிக்கெட்ல இருக்கிற சேருமிடத்துக்கு ரயில் வந்து சேர்ந்து 20 மணி நேரத்துக்குள்ள டிடிஆர் போட்டிருக்கணும், நீங்க போட்டிருப்பீங்கன்னு நம்பறேன். டிடிஇ கொடுத்த அசல் சான்றை ஐஆர்சிடிசிக்குத் தபால்ல அனுப்பணும், இதை மறந்தாதான் பலருக்குப் பணம் நிக்குது. அனுப்பறதுக்கு முன்னாடி பிஎன்ஆர் எண் தெரியற மாதிரி படம் எடுத்துக்கங்க. வசதிக் கட்டணம் திரும்பாது, அதைக் கணக்குல சேர்க்காதீங்க.

முருகு மயிலாடுதுறையில இறங்கினதால, கறாராப் பாத்தா அவர் புழுக்கத்துல வந்த தூரம் குறைவு. ஆனா டிக்கெட் தஞ்சாவூர் வரைக்கும்தானே, அவரும் முழுக் காசு கொடுத்திருக்கார். தலைக்கு வர்ற தொகையே சின்னது. சமமாப் போடுங்க. கூட்டத்துல அரை டிக்கெட் குழந்தை இருந்தா மட்டும் கொடுத்த கட்டண விகிதத்துல பிரிக்கணும்.

நாலு பேர் டிக்கெட்டுல ஒருத்தர் மட்டும் வரலைன்னா நடைமுறை மாறும். அதுக்கும் டிடிஇ சான்று வேணும், டிடிஆரும் போடணும். பணம் ஏதாவது திரும்பி வந்தா அது பயணம் வராதவருக்கு மட்டும்.

குடமுருட்டி:

விமானக் கணக்கை இப்பவே முடிச்சிடுங்க, ரயில் பணத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். ரூம், டாக்சி ரெண்டும் சேர்த்து ஆளுக்கு ₹3,000, மூணு பேரும் உங்களுக்குத் தரணும். சென்னைச் செலவுல ஜாஃபர் முருகுவுக்கு ₹1,200 தரணும். இழப்பீட்டுப் பங்கையும் சேர்த்துக் கழிச்சா மூணே அனுப்புதல்தான்:

செந்தில் → முருகு ₹6,000
செந்தில் → உங்களுக்கு ₹7,000
ஜாஃபர் → உங்களுக்கு ₹2,000

சரிபார்க்க: செந்தில் கையிலேர்ந்து போறது 13,000. அதுல 10,000 இழப்பீடு, 3,000 அவரோட சொந்தச் செலவு. உங்களுக்கு வர்றது 9,000, அதாவது 3,000 வீதம் மூணு பேர். ஜிபேல அனுப்பும்போது குறிப்புப் பகுதியில ‘டெல்லி ரூம் டாக்சி’, ‘இழப்பீடு’ன்னு தனித்தனியா எழுதச் சொல்லுங்க. ரயில் பணம் வந்ததும் மொத்தத்தை நாலால வகுத்து செந்தில் மத்த மூணு பேருக்கும் அனுப்பட்டும், அதை இதோட கலக்காதீங்க.