புதுப்பிப்பு: விழித்திரைக் கருவி பற்றிய என் சிறுகதை

செயற்கை விழித்திரை பொருத்திக்கொண்ட ஒரு மூதாட்டியைப் பற்றிச் சிறுகதை எழுதிவருவதாகவும், கருவியைச் செய்த நிறுவனமே அதைக் கைவிட்டுவிடுவது நம்பும்படி இருக்குமா என்றும் முதல் பதிவில் கேட்டிருந்தேன். மிகைக் கற்பனை என்று பலர் சொன்னதால் அந்த முடிச்சை நீக்கிவிடவே எண்ணினேன். இப்போது நீக்கப்போவதில்லை, ஏனெனில் அது ஏற்கெனவே நடந்திருக்கிறது.

அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் உருவாக்கிய ஆர்கஸ் 2 என்ற கருவிக்கு 2013இல் அந்நாட்டு அரசின் ஒப்புதல் கிடைத்தது. மூக்குக் கண்ணாடியிலுள்ள கேமரா பதியும் காட்சியை இடுப்பில் அணியும் சிறு கணினி குறிகைகளாக மாற்ற, விழித்திரைமேல் பதித்த 60 மின்முனைகள் அவற்றை ஒளிப்புள்ளிகளாக உணரச்செய்யும். 2019இல் அந்நிறுவனம் இதன் தயாரிப்பை நிறுத்தியது. பின்னர், கண்ணுக்குள் கருவியைச் சுமந்தவர்கள் பழுதுபார்க்கவும் வழியின்றித் தவித்தார்கள். இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அந்த மின்முனைகள் ஆறுக்குப் பத்து என்ற வரிசையில் அமைந்தவை. புள்ளிக் கோலம் போட்டே வளர்ந்த என் மூதாட்டிக்கு இதைவிடப் பொருத்தமான பார்வையை நான் கற்பனை செய்திருக்க முடியாது. ஆகவே தொடக்கத்தை மாற்றிவிட்டேன்: விடியலில், ஈர வாசலில் வெள்ளை மாவின் மங்கலான மினுக்கத்தைப் பின்தொடர்ந்து அவர் இழை இழுத்துக்கொண்டிருக்கிறார், கடைசி வளைவு மூடுவதற்குள் புள்ளிகள் அணைகின்றன. விரல்கள் மட்டும் நிற்கவில்லை.

திருத்திய வடிவத்தை முடித்ததும் இங்கேயே பதிவிடுகிறேன்.