ருத்திராட்ச மரத்தடியில் நின்றவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோபி அம்மணி

இரண்டு வருடமாக மனசில் கிடக்கிறது, அதனால் நானே ஆரம்பிக்கிறேன். மகள் வீட்டுக்கு அமெரிக்கா போனபோது, ஹவாயில் இருக்கிற கவாய்த் தீவுக்குக் கூட்டிப் போனாள். அங்கே இருக்கிற கவாய் ஆதீனம் என்ற சைவ மடம் பலருக்கும் தெரிந்திருக்கும், யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியிடம் தீட்சை பெற்ற சிவாய சுப்பிரமுனியசுவாமி 1970-இல் நிறுவியது. பெங்களூர் பக்கம் கையாலேயே செதுக்கிக் கப்பலில் கொண்டுபோன கருங்கல் கோயிலைப் பற்றி வேறு யாராவது எழுதுங்கள். நான் சொல்ல வந்தது 1984-இல் நட்ட அந்த ருத்திராட்சக் காட்டை.

அடிமரம் பலகை பலகையாக வேர் விட்டு நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால் இலைதான். குனிந்தால் தரையெல்லாம் நீலம். நாவல் பழத்துக் கருநீலம் இல்லை, மயில் கழுத்து நீலம். ருத்திராட்சம் என்றால் பழுப்புக் கொட்டை என்றே அறுபது வயது வரை நினைத்திருந்தேன். அது நீலப் பழத்துக்குள் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

எங்கள் அப்பா பேரூர்க் கோயில் வாசலில் வாங்கிய ஒற்றை ருத்திராட்சத்தைக் கழுத்தை விட்டு இறக்கியதே இல்லை. போகும்போதும் அதோடேயே அனுப்பிவிட்டோம். அந்த நினைப்பில் ஒரு பழத்தை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

விமான நிலையத்தில் பை பிடிபட்டது. ஹவாய்த் தீவிலிருந்து அமெரிக்கப் பெருநிலத்துக்குப் பழம் போகக்கூடாதாம், பூச்சி போய்விடும் என்று தடை. அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்த தொட்டியைக் காட்டினார். போட்டேன். ருத்திராட்சத்தைக் குப்பைத் தொட்டியில் போட்ட கை இது. இன்னும் விபூதி எடுக்கும்போதெல்லாம் அந்தத் தொட்டி ஞாபகம் வருகிறது.

மேட்டுப்பாளையத்தான்

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லைங்க, குன்னூர் சிம்ஸ் பூங்காவிலேயே ஒரு பெரிய மரம் இருக்கிறது. நான் ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்கள். ஒருவர் மேல் ஒருவர் பழத்தை எறிந்து விளையாடினோம். அது என்ன மரம் என்று வாத்தியார் சொன்னதும் எறிந்து கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றுபோனது கண்ணிலேயே இருக்கிறது.

போன வருடம் மகளோடு போனேன். அவள் கீழே கிடந்த ஒன்றை நசுக்கிவிட்டு, "அப்பா, கையில கலரே ஒட்டல" என்றாள். பார்த்தால் நிஜம்தான், நீலம் துளிகூட இல்லை. அது சாயமே இல்லை, தோலுக்குள் இருக்கிற நுண்ணிய அடுக்குகள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் வருகிற நிறம் என்று அப்புறம் படித்தேன், மயிலிறகில் வருகிற மாதிரியே. அம்மணி மயில் கழுத்து என்று எழுதியது அதனால் மிகச் சரி. அந்தத் தோலை ஒரு நோட்டுக்குள் வைத்தோம். காய்ந்து சருகாகிவிட்டது, நீலம் போகவில்லை.

பெருந்துறை விவசாயி

நான் ருத்திராட்சம் வாங்கி ஏமாந்தவன். ஒரு திருவிழாக் கடையில் ஒருமுகம், அதாவது ஒரே கோடு ஓடுகிற கொட்டை, என்று சொல்லி நாலாயிரம் வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து வெந்நீரில் போட்டதும் பசை விட்டு இரண்டாகப் பிரிந்தது. அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அதுதான் தாங்கவில்லை.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். தண்ணீரில் மூழ்கினால் அசல், மிதந்தால் போலி என்பதை நம்பாதீர்கள். காய்ந்த அசலும் மிதக்கும், ஈயம் வைத்த போலியும் மூழ்கும். இரண்டு செப்புக் காசுக்கு நடுவில் வைத்தால் சுற்றும் என்பதும் பரீட்சை ஆகாது, உருண்டையாக இருக்கிற எதுவும் சுற்றும். முகக்கோடு ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை இயல்பாக ஓட வேண்டும், கத்தியால் கீறியது நடுவில் சறுக்கும். உள்ளே வெட்டிப் பார்த்தால் முகத்துக்கு ஓர் அறை இருக்கும், ஆனால் அதற்காக யார் வெட்டுவார்கள்? ஐந்து முகம்தான் அதிகமாகக் காய்ப்பது, அதற்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள். முந்திரிக்கொட்டை மாதிரி வளைந்ததை ஒருமுகம் என்றால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். வாங்கியபின் லேசாக நல்லெண்ணெய் தொட்டு வையுங்கள், வெடிக்காது. சோப்பு வேண்டவே வேண்டாம். கன்று நடுகிறவர்களுக்கும் ஒன்று: நம் ஈரோட்டுச் சித்திரை வெயில் அதற்கு ஆகாது. இரண்டு கன்று வைத்தேன், இரண்டும் கருகிவிட்டன. குளிர்ச்சியும் ஈரமும் இருக்கிற மலைப்பக்கம்தான் அதற்குத் தோது.

காவிரிக்கரை

பெருந்துறைக்காரர் சொன்னதெல்லாம் கடையில் வாங்குவதைப் பற்றி, அம்மணி கேட்டதோ வேறு. முகத்தை எண்ணுகிறவர்கள் எங்கள் கொடுமுடிக்கு ஒரு தடவை வாருங்கள். மகுடேசுவரர் கோயிலில் வன்னி மரத்தடியில் பிரம்மா மூன்று முகத்தோடு இருக்கிறார், நான்காவது முகம் அந்த மரமேதான் என்பார்கள். பங்குனி உத்திரத்துக்கு இங்கிருந்து பழனிக்குக் காவிரித் தீர்த்தம் எடுத்துப்போகும்போது அந்த வன்னி இலையைக் கலசத்தில் போடுவது வழக்கம்.

பன்னிரண்டு வயதில் அம்மாவைப் பெற்ற அப்புச்சியோடு தீர்த்தம் எடுக்க வந்தவன் நான். ஆசையில் ஒரு கிளையை எட்டி ஒடித்துவிட்டேன். அப்புச்சி திட்டவில்லை. கிளையை வாங்கி மரத்து வேரிலேயே வைத்து, என்னை விழுந்து கும்பிடச் சொன்னார். எழுந்து பார்த்தபோது அவரும் பக்கத்தில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அம்மணி மன்னிக்கோணும், மனசில் பட்டதைச் சொல்கிறேன். நம் ஊர்க் கோயில் காட்டில் சுள்ளிகூடப் பொறுக்கமாட்டார்கள். தொட்டியில் போட்டது தப்பில்லைங்க, எடுத்துக்கொண்டு வந்ததுதான்.

மேட்டுப்பாளையத்தான்

கீழே விழுந்ததை எடுப்பதும் கிளையை ஒடிப்பதும் ஒன்றா? அப்பா ஞாபகமாக ஒரு பழம் எடுத்ததற்கு இப்படிச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கோபி அம்மணி

வேண்டாம் தம்பி, கொடுமுடிக்காரர் சொல்வதுதான் சரி. முதலில் நான் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். எடுக்கலாமா என்று அங்கே யாரையும் கேட்கவில்லை. மகள் முன்னால் நடந்துபோன பிறகு, அவளுக்கும் தெரியாமல்தான் எடுத்தேன். காவி கட்டிய சாமி ஒருவர் கொஞ்ச தூரத்தில் இருந்தார். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, கேட்கத்தான் வாய் வரவில்லை.

அந்தத் தொட்டியில் ஆரஞ்சுத் தோலும் பாதி பப்பாளியும் கிடந்தன. மேலிருந்து போட மனசு வரவில்லை. உள்ளே கையை விட்டு, பப்பாளி படாத ஓரமாகப் பார்த்து வைத்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார்கள்.