ஸ்விஃப்ட்டுக்கு 17 இஞ்ச் அலாய் போடலாமா? செங்கோட்டை – புனலூர் ரோட்டுல ஓடுற வண்டி

இலஞ்சி ஸ்விஃப்ட்
எல்லாருக்கும் வணக்கம். 2021 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ வச்சிருக்கேன், இரும்பு ரிம்மு, வீல்கப்பு, 165/80 ஆர்14 டயர், எல்லாம் கம்பெனி குடுத்தது தான். டயர் தேஞ்சு உள்ள இருக்க அந்த தேய்மானம் காட்டுற 1.6 எம்எம் கட்டை வரைக்கும் வந்துட்டு, எப்படியும் மாத்தணும். வேலை புனலூர்ல, வாரத்துல பாதி நாள் புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலைன்னு அந்த ரோடு தான். ஒரு கடைல 17 இஞ்ச் அலாயும் 205/45 டயரும் காட்டுனாங்க, பாத்ததுல இருந்து தூக்கம் வரல. போடலாமா?

எஸ்பெண்டு ராசா
போடு தம்பி, இதுல என்ன யோசனை. 90 பிஎஸ் இஞ்சினக் குடுத்துட்டு அடில 165 டயர மாட்டி விட்டுருக்கான், கோட்டைவாசல் வளைவுல கொஞ்சம் வேகமா திருப்புனா கீச்சுன்னு கத்தும், பாடி ஒரு பக்கம் போகும் டயர் ஒரு பக்கம் மடங்கும். டயர் அகலம் 165 எம்எம், அதுல 80 பர்சென்ட்டுனா சைடுவால், அதாவது டயரோட பக்கச் சுவர், மட்டும் 132 எம்எம், அதான் மடங்குது. 205/45ல அது 92 எம்எம் தான், ஸ்டீரிங்க தொட்ட உடனே வண்டி திரும்பும். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும்னு பயங்காட்டுவானுவ, நம்பாத. பழைய டயர் மொத்த உயரம் 619.6 எம்எம், இது 616.3, அரை பர்சென்ட்டு வித்தியாசம் கூட ஒரு வித்தியாசமா.

டயர்கடை அண்ணாச்சி
கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீய ராசா, ஆனா ரோட்ட கணக்குல சேக்கல. தென்காசி பக்கம் நம்ம கடைக்கு வாங்க காட்டுதேன். நைட்டெல்லாம் எம்சாண்டு, ஜல்லி ஏத்துன லாரி அந்தப் பக்கம் போயிட்டே இருக்கு, தார் எங்க பேந்துருக்குன்னு மழைத் தண்ணி நிக்கும்போது தெரியாது, அந்தக் குழியோட ஓரம் கத்தியா இருக்கும். 132 எம்எம் சைடுவால் அத அமுங்கி வாங்கிக்கிடும். 92ல ரிம்மு நேரா ரோட்டுல இடிக்கும், நடுவுல டயர் நசுங்கும். நசுங்குன டயர கழட்டிப் பாத்தா சைடுவால்ல பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு, அமுக்குனா மெத்துன்னு இருக்கும், உள்ள நூல் அறுந்துட்டுன்னு அர்த்தம். அதுக்கு பஞ்சரும் கிடையாது வல்கனைசிங்கும் கிடையாது, தூர போட வேண்டியது தான். விக்கிறவனே வேண்டாம்னு சொல்லுதேன், அப்புறம் உங்க இஷ்டம்.

இன்னொன்னு. டயர்ல சைஸுக்குப் பக்கத்துல ஒரு நம்பர் இருக்குல்லா, லோடு இண்டெக்ஸ். உங்க பழைய டயர்ல 85 போட்டிருக்கும், ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 205/45 ஆர்17 சாதா டயர்ல 84 தான், 500 கிலோ. அகலம் கூடிட்டு, தாங்குற சக்தி குறஞ்சிட்டு. இத எந்தக் கடைக்காரனாவது சொன்னானா?

எஸ்பெண்டு ராசா
அண்ணாச்சி, எக்ஸ்எல்னு, அதாவது கூடுதல் லோடு தாங்குறதுன்னு போட்டு 88 லோடு இண்டெக்ஸ்ல அதே சைஸ் வருது, 560 கிலோ. அத வாங்கிட்டுப் போறான். குழியப் பாத்து ஓட்டத் தெரியாதவனுக்கு எந்த டயர் போட்டாலும் ஒண்ணு தான். கேரளாக்காரன் பூரா பெரிய அலாய் தான் போட்டு சுத்துதான், அவன் ரோட்டுல குழி இல்லையா?

புனலூர் தமிழன்
நான் இந்தப் பக்கம் தான் இருக்கேன், அதனால சொல்றேன், கேரளாக்காரன் போட்டு சுத்துறான் சரி, ஆனா இங்க எம்விடி, அதான் மோட்டார் வாகனத் துறை, பிடிக்கறதும் அதே அளவுக்கு உண்டு கேட்டோ. 2021ல கண்ணூர்ல வ்ளாக்கர் பசங்க மாத்தி வச்சிருந்த வேன பிடிச்சு வச்சது ஞாபகம் இருக்கும்ல. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுங்குது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணுச்சு, அந்தக் கேஸே கேரளா ஹைகோர்ட்ல இருந்து போனது தான். அந்த வருஷமே சட்டத்துல 182ஏ சேத்து, ஓனர் பண்ற ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூபா, இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்னு எழுதி வச்சிருக்கான். ஜெயிலுக்கு யாரும் போகப் போறதில்ல, ஆனா ஆரியங்காவுல வாரம் பூரா அதே வண்டி போய்ட்டு வந்தா என்னைக்காவது ஓரங்கட்டச் சொல்லுவான்.

இலஞ்சித் தம்பி, உங்க ஸ்விஃப்ட்லயே இசட்எக்ஸ்ஐக்கு கம்பெனி 185/65 ஆர்15 குடுக்குது. அத மாட்டுனா அதே மாடலோட மேல் வேரியன்ட் சைஸுன்னு நின்னு பேசலாம். 17 இஞ்ச் இந்தியால எந்த ஸ்விஃப்ட்லயும் வந்ததில்ல, என்னன்னு பேசுவீங்க?

எஸ்பெண்டு ராசா
செக்போஸ்ட்ல எவன்ங்க டேப் வச்சு டயர அளக்கான்?

புனலூர் தமிழன்
டேப் எதுக்கு, சைஸ் டயர் மேலயே கட்டை எழுத்துல எழுதியிருக்கு. செக்போஸ்ட்ட விடுங்க, நாளைக்கு ஆக்சிடென்ட்னா இன்சூரன்ஸ் சர்வேயர் மொத போட்டோவே டயரத்தான் எடுப்பான்.

மேக்கரை டீச்சர்
தம்பிகளா, நடுவுல வர்றேன். எங்க வீட்டுல ஐ20 என் லைன், அதுல கம்பெனியே 195/55 ஆர்16 தான். ராசா சொல்ற மாதிரி வளைவுல நல்லா பிடிச்சு நிக்கும், பொய் இல்ல. ஆனா சாரல் சமயத்துல, ஜூன் ஜூலைல, ஆரியங்காவு தாண்டி கழுதுருட்டி, பதிமூணு கண்ணுப் பாலம் பக்கம் ரோட்டுல தண்ணி ஓடும்போது, அகலமான டயர் தண்ணி மேல ஏறி மிதக்கப் பாக்கும், ஸ்டீரிங் ஒரு நிமிஷம் லேசாயிடும். ஒல்லி டயர் தண்ணியக் கிழிச்சிட்டுப் போகும். அதனால வேகத்தக் குறைக்கத்தான் செய்யணும், டயர் எவ்வளவு விலைன்னாலும். ராசா பேசுறது முழுக்க காஞ்ச ரோட்டு பேச்சு.

பைம்பொழில் பதினாறு
டீச்சரம்மா சொன்ன 16 தான் சரியான வழி, ஏன் யாரும் பேச மாட்டேங்கிறீங்க? 195/55 ஆர்16 மொத்த உயரம் 620.9, பழைய 14ஓட ஒன்றரை எம்எம் கூட இல்ல வித்தியாசம், லோடு இண்டெக்ஸ் 87. சைடுவால் 107. பழைய பலேனோ ஆர்எஸ்ல மாருதியே போட்ட சைஸ்.

புனலூர் தமிழன்
பலேனோ ஆர்எஸ் ஆர்சி புக்க காட்டியா ஸ்விஃப்ட்ட விடச் சொல்லுவீங்க? 😄 டெக்னிக்கலா ஓகே தான், பேப்பர்ல இடிக்குது.

டயர்கடை அண்ணாச்சி
16 போட்டாலும் 17 போட்டாலும் ஒரு விஷயம் எல்லாரும் விட்டுட்டீய. நாலு நட்டு ஓட்டை, 100 பிசிடி, அதாவது அந்த ஓட்டைங்க நிக்கிற வட்டத்தோட அளவு 100 எம்எம், அது பொருந்துனா போதும்னு வாங்கிருதாங்க. ஸ்விஃப்ட் ஹப்பு, அதான் ரிம்மோட நடு ஓட்டை உக்காருற பாகம், 54.1 எம்எம். வெளில விக்கிற அலாய் பல வண்டிக்கும் பொதுவா அடிச்சது, நடு ஓட்டை 67, 73னு பெருசா இருக்கும். அந்த இடைவெளிக்கு ரிங் போடாம மாட்டுனா ரிம்மு நட்டுல மட்டும் தொங்கும், கொஞ்சம் நகந்து டைட் ஆனாலும் 80, 90ல ஸ்டீரிங் கை கிடுகிடுன்னு ஆடும், பேலன்சிங் எத்தன தடவ பண்ணாலும் நிக்காது. கடைல வீல மாட்டுறதுக்கு முன்னாடி ரிங் எங்கன்னு கேளுங்க, முழிச்சான்னா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க.

ஆஃப்செட்டும், அதாவது ரிம்மு எவ்வளவு உள்ள வெளிய தள்ளி நிக்குங்கிற அளவும், அப்படித்தான். ஸ்டைலுக்கு வெளிய தள்ளி நிக்கிற ரிம்மப் போட்டுட்டு, பின்னாடி மூணு பேரு உக்காந்து குழில இறங்குனா டயர் ஃபெண்டர் விளிம்புல உரசி ஒரு சுத்து ரப்பர் சீவிட்டு வரும். வீல் பேரிங்கும் சீக்கிரம் ஊளையிடும்.

எஸ்பெண்டு ராசா
சரி, ரிங், ஆஃப்செட் எல்லாம் ஒத்துக்கிடுதேன், அது ஒழுங்கா மாட்டுறவன் வேலை. ஆனா 165 டயரே போதும்னு எவனாவது சொன்னா சண்டைக்கு வருவேன்.

டயர்கடை அண்ணாச்சி
போதும்னு நானும் சொல்லலியே. 165ல இருந்து 185க்கு வந்தாலே வளைவுல நீங்க கேட்ட பிடி கிடைக்கும். சைடுவால் 120, உயரம் 621.5, லோடு 88. ரிம்முல மிச்சம் பிடிக்கிற காசுல நல்ல டயரா எடுங்க, ஈர ரோட்டுல நிக்கிற மாதிரி மிஷெலின், யோகோஹாமா, கான்டினென்டல்னு எதையாவது பாருங்க, 15ல எல்லாத்துலயும் சைஸ் உண்டு. 2020ல இருந்து டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் கேக்கான், 17ல ஒரு டயர் போச்சுன்னா அதே மாதிரி இன்னொண்ணு வர்ற வரைக்கும் வண்டி நிக்கும். வாங்கும்போது சைடுவால்ல நாலு நம்பர் பாருங்க, 2324னா 2024ல 23வது வாரம் செஞ்சது, பழைய ஸ்டாக்க தலைல கட்டிருவான்.

இலஞ்சி ஸ்விஃப்ட்
அண்ணாச்சி, டீச்சரம்மா, ராசாண்ணே எல்லாருக்கும் நன்றி. 17 ஆசை போகல, ஆனா ஆரியங்காவுல நின்னு பேசுற தெம்பு எனக்கு இல்ல. இசட்எக்ஸ்ஐ வண்டில கழட்டுன கம்பெனி அலாய் 15 நாலும் ஒருத்தர்ட்ட இருக்கு, பாத்துட்டு வாறேன். ஸ்டெப்னி 14 தான இருக்கும், அது சேருமா?

டயர்கடை அண்ணாச்சி
உயரம் ரெண்டு எம்எம் தான் வித்தியாசம், கடை வரைக்கும் வர தாராளமா சேரும். கம்பெனி அலாய்னா பழைய நட்டே போதும், வெளி அலாய் எடுத்தா தான் ஸ்டெப்னிக்குன்னு பழைய நட்டு நாலு டிக்கில போட்டு வைக்கணும். வாங்குறதுக்கு முன்னாடி நாலு ரிம்மையும் பேலன்சிங் மெஷின்ல டயர் இல்லாம சுத்த விட்டு, உள் விளிம்பப் பாருங்க, வெல்டிங் வச்சு பெயின்ட் அடிச்சிருந்தா அங்க தான் தெரியும்.

எஸ்பெண்டு ராசா
15 போட்டுட்டு ஒரு ஞாயித்துக்கிழம காலைல கோட்டைவாசலுக்கு வா தம்பி, என் 17ஓட ஒரு ரவுண்டு போய்ப் பாப்போம்.

மேக்கரை டீச்சர்
மழை பெய்ற ஞாயித்துக்கிழமையா பாத்து வைங்க ராசா.