தொட்டியை மீறிய புதினா: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஈரமண்:
தரையில் வைத்தால் பரவும் என்று தெரிந்துதான் தொட்டியில் வைத்தேன். நேற்று தொட்டியை நகர்த்தப் பார்த்தால் அசையவில்லை. பலமாக இழுத்ததும் அடியில் 'டப்' என்று ஏதோ அறுந்தது. கவிழ்த்துப் பார்க்கிறேன், வடிகால் துளையிலிருந்து வெள்ளையாக ஒரு வேர் தொங்குகிறது. மறுபாதி மண்ணுக்குள். அந்தச் சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது.

பச்சைவிரல்:
பரவுகிறது என்று கவலைப்படுகிறீர்கள், கொடுத்து வைத்தவர். எனக்கு நடுவில் மொட்டை, விளிம்பில் மட்டும் பச்சை. தொட்டியைத் தட்டிக் கழற்றினால் உள்ளே மண்ணையே காணோம். சும்மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வேர்தான். விரல்கூட நுழையவில்லை.

நிழல்வலை:
ஈரமண் சொல்வது வேர் இல்லை, மண்ணுக்கடியில் ஓடும் தண்டு. கணு இருந்ததா, பாருங்கள். உள்ளே தங்கிய துண்டில் ஒரு கணு இருந்தாலும் மறுபடி முளைக்கும். என் கதை வேறு. கிள்ளப் போய் ஒரு இலையைத் திருப்பினேன், அடிப்பக்கம் பூராவும் செம்மஞ்சள் புள்ளி. தொட்டதும் விரலில் பொடியாக ஒட்டியது. துரு நோயாம், பூஞ்சை. செடியை அப்படியே பிடுங்கிப் போட்டேன்.

கொத்துக்கரண்டி:
எனக்கும் துளை வழியாக ஓடியது, அதை விடுங்கள். தொட்டியை மண்மேல் வைக்காமல் செங்கல்மேல் ஏற்றுங்கள், வெளியே வரும் தண்டு அப்போதே கண்ணில் படும். பச்சைவிரல், நடு மொட்டையானால் உரம் போட்டுப் பயனில்லை. விளிம்பில் இருக்கும் இளந்தண்டை வேரோடு பிரித்துப் புது மண்ணில் வையுங்கள், பழைய நடுப்பகுதி வேண்டாம். அரைநிழல் போதும். மண் காயக் கூடாது, அதற்காகத் தண்ணீர் தேங்கவும் கூடாது. இலைமேல் ஊற்றாமல் அடியில் ஊற்றுங்கள், துரு குறையும். அப்புறம், மொட்டு வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பூத்தால் இலையின் மணம் இறங்கிவிடும். விதையை நம்பாதீர்கள். புதினா வகைகள் ஒன்றோடொன்று எளிதில் கலக்கும், தாய்ச்செடியின் மணம் அப்படியே வராது. பெப்பர்மின்ட் நீர்ப்புதினாவும் ஸ்பியர்மின்டும் கலந்த கலப்பினம், அதில் முளைக்கிற விதையே அநேகமாகக் கிடையாது. தண்டை வெட்டி வைப்பதுதான் வழி.

ஈரமண்:
நான் யோசனை கேட்கவே இல்லையே! இருந்தாலும் சரி, கணு இருந்தது.

சதுரத்தண்டு:
நிழல்வலை, துருவுக்காக முழுச்செடியையும் பிடுங்கியது அதிகம். எனக்கும் வந்தது. ஆரம்பத்திலேயே பார்த்ததால் தரையோடு ஒட்ட வெட்டி, விழுந்த இலையையும் பொறுக்கி எடுத்தேன். அடுத்த தழை சுத்தமாக வந்தது.

நிழல்வலை:
உங்களுக்கு வந்தது ஆரம்பம். எனக்குத் தண்டெல்லாம் கோணிக்கொண்டு வீங்கியிருந்தது. அதை வெட்டி என்ன பயன்?